திரும்ப எடுக்காத பிடி

சோளம் எரிந்த அந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் எங்கள் மேற்கோம்பையிலும் பசி இருந்தது. எல்லா ஊரிலும் இருப்பதுபோலக் காலையில் ஒரு தரம், உச்சிப்பொழுதில் ஒரு தரம், விளக்கு வைத்தபின் ஒரு தரம் வந்துபோகும், பிள்ளைகளுக்கு நடுவில் இன்னும் இரண்டு தரம் வரும், கைப்பிள்ளைக்காரிகளுக்கு எந்நேரமும் வரும். வரும்போது திட்டுவோம், போனதும் மறந்துவிடுவோம், அதற்குமேல் அதைப்பற்றி யாரும் யோசித்தது கிடையாது.

மலை உச்சியில் முப்பத்திரண்டு வீடு எங்கள் ஊர். மார்கழி பிறந்துவிட்டால் பூண்டுப் பாத்திகளின்மேல் உப்பைக் கொட்டி வைத்ததுபோல உறைபனி விழுந்து கிடக்கும், முற்றத்தில் மறந்து வைத்த குடத்தில் தண்ணீர் ஏடு கட்டிக் கிடக்கும், அந்த ஏட்டைக் கல்லால் தட்டி உடைத்துத்தான் முகம் கழுவ வேண்டும். சமையலுக்குச் சிலிண்டர் வந்திருந்தது. குளிருக்கு விறகுதான். அந்த வருஷம் காட்டுக்குள் விறகு பொறுக்கக் கூடாதென்று வனத்துறைக்காரர்கள் தடத்தில் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். அதே வருஷம் கீழ்ச்சரிவில் அறுப்பு நேரத்தில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்து, ஊர் மக்காச்சோளம் முழுக்கப் பூஞ்சணம் பிடித்து, ஏற்றிப்போக வந்த லாரி வெறுமனே திரும்பிப்போக, தார்ப்பாய்க்கு அடியில் மலைமேல் இன்னொரு மலைபோல அது குவிந்து கிடந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் தவமணி. கனடாவில் ஒரு பன்றிப் பண்ணையில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மாமன் மகள் சுகந்தியைக் கட்டி, ஆதிரை என்று நாலு மாதப் பெண்பிள்ளைக்குத் தகப்பனாகியிருந்தவன். அந்தப் பண்ணைக்காரர் வீட்டில் குளிருக்குச் சோளத்தைத்தான் எரிப்பார்கள் என்று அவன் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்காமல் மலை இறங்கிப் போய், ஒரு லேத்துப் பட்டறையில் பதினைந்து நாள் தங்கி, ஜீப்பில் ஒரு இரும்புப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். பெட்டிக்கு மேலே சோளம் கொட்ட ஒரு தொட்டி. தொட்டிக்கு அடியில் ஒரு திருகு கம்பி மெதுவாகச் சுற்றிச் சுற்றி மணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகுழிக்குள் தள்ளும். பின்னால் ஒரு சின்ன விசிறி ஊதும். முன்னால் கண்ணாடி வைத்த கதவு. புகை போக ஒரு குழாய்.

ஊர்ப் பெரியதனக்காரர் சன்னாசி வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"ஏப்பா தவமணி, திங்கிறத எரிக்கலாமா?"

"திங்கறதுக்கு ஆகாது பெரியப்பா. மாடே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது."

"மாடு திருப்பிக்கிரும். நாம திருப்பிக்கலாமாங்கறேன்."

"நீங்க வெத்தலையத் தவிர எதுக்குத்தான் மூஞ்சியத் திருப்பாம இருந்திருக்கீங்க?" என்று பின்னாலிருந்து பஞ்சவர்ணம் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு ஆக்குகிறவள், வாய் அதிகம். பெரியதனக்காரரும் சேர்ந்துதான் சிரித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் தானியம் வீட்டை விட்டுப் போகும்போது, அது கைமாற்றாகப் போகட்டும், அரவைக்குப் போகட்டும், விற்பனைக்கு மூட்டையாகப் போகட்டும், செத்த வீட்டுக்கு அரிசியாகப் போகட்டும், கொடுத்ததிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து "வீட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிப் பானைக்குள் போட்டுக்கொள்வோம். வாங்குகிறவர்கள் அதற்காகவே முறத்தைக் கொஞ்சம் நீட்டிப் பிடிப்பார்கள். லாரிக்காரர்கள்கூடப் பழகிப்போய் மூட்டை வாயைத் தைக்காமல் காத்திருப்பார்கள். பிடி எடுக்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்படி யாரும் கொடுத்ததில்லை.

அன்றைக்குச் சுகந்தி முறத்தில் சோளத்தை அள்ளித் தொட்டிக்குள் சரித்துவிட்டு, வழக்கப்படி கையை நீட்டியவள் பாதியில் நிறுத்திக் கேட்டாள்.

"பிடி எடுக்கணுமா மாமா?"

"எதுக்கு? சோளம் எங்க போகுது? வீட்டுக்குள்ளதான இருக்கு."

நியாயம்தானே என்று எங்களுக்கும் பட்டது. சுகந்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். தவமணி சுவிட்சைப் போட்டான். திருகு கம்பி சுற்றியது.

அந்த வெதுவெதுப்பை எப்படிச் சொல்வது? விறகுத் தீ முகத்தைச் சுட்டு முதுகை மறந்துவிடும். இது அப்படியில்லை, பெற்றவள் மடியில் படுத்ததுபோல எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து அணைத்தது, வீடு முழுக்கச் சோளக்கதிர் சுட்ட வாசம், சுவரெல்லாம் இளஞ்சூடு, தரையில் வெறுங்காலை வைத்தால் எடுக்க மனசு வரவில்லை. மறுநாள் காலையில் எரிகுழியைத் திறந்தபோது அடியில் சாம்பலோடு ஒரு கட்டி கிடந்தது. பட்டறைக்காரர்கள் கிட்டம் என்பார்கள். உள்ளங்கை அகலம், கறுப்பு, கண்ணாடிபோல மினுமினுப்பு. எங்களுக்கு முதல் விளைச்சல் எதுவானாலும் சாமிக்குத்தான், ஆகவே தவமணி அந்த முதல் கிட்டத்துக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சாமி மாடத்தில் ஏற்றினான்.

அன்று அவர்கள் வீட்டில் யாருக்கும் பசிக்கவில்லை.

முதலில் அது தெரியவே இல்லை. சுட்டு வைத்த தோசை ஆறிப்போய்க் கிடந்தது, மத்தியானச் சோறு அப்படியே இருந்தது, தவமணி கிட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். சாயங்காலம் சுகந்தி குனிந்து பார்த்தாள், ரவிக்கை முன்புறம் முழுக்க நனைந்திருந்தது. காலையிலிருந்து பிள்ளை ஒருதரம்கூடப் பாலுக்கு அழவில்லை. எடுத்து மார்பில் வைத்தாள். ஆதிரை கண்ணைத் திறந்து பார்த்தாள், சிரித்தாள், காம்பை வாயில் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து நாளில் பதினான்கு வீடுகளில் பெட்டி வந்துவிட்டது, மார்கழி முடிவதற்குள் முப்பத்திரண்டு வீட்டிலும். எல்லா வீட்டிலும் பசி போனது. நாங்கள் ஒன்றும் பயந்துவிடவில்லை. பசி போவதற்கு யாராவது பயப்படுவார்களா? உடம்பில் சோர்வில்லை, மயக்கமில்லை, ஏர் பிடிக்கிற கை ஏர் பிடித்தது, மலை ஏறுகிற கால் மலை ஏறியது. உலை வைப்பது நின்றது, பாத்திரம் தேய்ப்பது நின்றது, குழம்பில் உப்பில்லை என்கிற சண்டை நின்றது. ரேஷன் அரிசி வீட்டு மூலையில் மூட்டையாக ஏறியது. பெண்கள் இருபது வருஷத்துக்குப் பிறகு மத்தியானத்தில் உட்கார்ந்தார்கள்; உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து, அடுப்படிக்குள் போய், பானையைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் பஞ்சவர்ணம் சாம்பார் சாதத்தை ஆக்கி வைத்துக்கொண்டு கரண்டியும் கையுமாக நிற்பாள், பிள்ளைகள் தட்டை எடுக்காமல் விளையாடிக்கொண்டிருக்கும். "ஏய், வாங்கடா, முட்டை இருக்குடா, யாருக்காவது ரெண்டு வேணுமா?" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய், கடைசியில் ஒரு வாரம் முட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்து அதுகளோடு பேசிக்கொண்டிருந்தாள். தை பிறந்ததும் ஒரு கல்யாணம் நடந்தது. வழக்கப்படி இலை போட்டோம், எல்லாம் பரிமாறினோம், பந்தியில் உட்கார்ந்து, இலையைப் பார்த்து, பாயசம் மணக்கிறது என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லி, இலையை மடித்துவிட்டு எழுந்தோம். பெண் வீட்டார் மனசு நோகக் கூடாதென்று சிலபேர் கையைக்கூடக் கழுவினார்கள்.

தினமும் காலையில் வீட்டுக்கு ஒரு கிட்டம் விழுந்தது. எங்கே கொட்டுவது என்று பார்த்து, மழைக்குச் சேறாகிற நடுச்சந்தில், ஊர் கூடுகிற மந்தையிலிருந்து குளம் வரைக்கும், பாவுகல்போலப் பதித்துக்கொண்டே போனோம். கருகருவென்று அழகாகத்தான் இருந்தது.

பிறகு சில விஷயங்கள் கண்ணில் பட்டன. கோழி முட்டையிடுவதை நிறுத்தியது. வீட்டோரமாக அடுக்கி வைத்த விதைக்கிழங்கு, தை பிறந்தால் கண் விட வேண்டியது, கண் விடவில்லை, அழுகவும் இல்லை. முடிதிருத்துகிற முருகேசன் வீடு வீடாக வந்து தலையைப் பார்த்துவிட்டுக் கத்தியை மடித்துக்கொண்டு போனான். நகம் வளரவில்லை. இதையெல்லாம் நாங்கள் தனித்தனியாகத்தான் சொல்லிக்கொண்டோம், சேர்த்துச் சொல்லவில்லை. இன்னொன்றைச் சொல்லிக்கொள்ளவே இல்லை: நடுச்சந்தில் வெறுங்காலோடு நடப்பதை எல்லோரும் நிறுத்தியிருந்தோம். வெறுங்காலை வைத்தால் அடிவயிற்றில் ஏதோ ஒன்று சுண்டி இழுத்தது.

மாதம் ஒருதரம் வருகிற நர்சம்மா தூக்குத் தராசில் ஆதிரையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஐந்து கிலோ எண்ணூறு. போன மாதம் என்ன என்று நோட்டைப் புரட்டினார். ஐந்து கிலோ எண்ணூறு. தராசைத் தட்டிவிட்டு மறுபடி தொங்கவிட்டார்.

"என்னம்மா குடுக்கறே பிள்ளைக்கு?"

"ஒண்ணும் குடுக்கல."

"விளையாடாதே."

"கேக்க மாட்டேங்குதுங்க. கேட்டாத்தானே குடுக்கறது."

சுகந்தி சும்மா இருக்கவில்லை. பிள்ளையைச் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பெட்டி இல்லாத அம்மா வீட்டுக்கு மலை இறங்கிப் போய் ஆறு நாள் இருந்தாள். அவளுக்கும் பசி வரவில்லை, பிள்ளைக்கும் வரவில்லை, எரிந்துபோனது எரிந்துபோனதுதான். டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது, சிரிக்கிறதே என்றார். ஆமாம், சிரித்தது, நாலு மாதத்தில் சிரித்த அதே சிரிப்பு, குப்புற விழ வேண்டிய மாதத்தில் மல்லாந்து கிடந்து சிரித்தது. கைவிரலைக்கூட வாயில் வைப்பதை மறந்திருந்தது.

கட்டிக்கொண்ட பாலைக் காலையும் மாலையும் கிண்ணத்தில் பீய்ச்சி, கால்படாத இடமாகப் பார்த்துக் கொல்லையிலிருந்த ஆலங்கன்றின் அடியில் ஊற்றினாள். முதலில் கிண்ணம் நிறைந்தது. பிறகு பாதியானது. பிறகு அடி நனைந்தது. தை இருபதாம் தேதி வலது பக்கம் வற்றிப்போனது. இடது பக்கத்தில் பத்துச் சொட்டோ பன்னிரண்டு சொட்டோ வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பால் வற்றுவதற்குள் பசி திரும்ப வேண்டும். பசி திரும்பாவிட்டால் பாலும் இல்லை, பாலிருந்த மார்புக்கும் வேலையில்லை, பிள்ளை இப்படியே சிரித்துக்கொண்டு கிடக்கும், எத்தனை வருஷம் ஆனாலும்.

அடுத்த நாள் குளத்துக்குப் போகும் வழியில் ஒரு நாயைப் பார்த்தாள். யார் வீட்டுக்குள்ளும் வராத தெருநாய். அது நடுச்சந்துக் கிட்டத்தில் ஒன்றை நக்கியது. நக்கிவிட்டு நடுங்கியது. பிறகு பக்கத்தில் கிடந்த ரப்பர் செருப்பைத் தின்றது, துணி துவைக்கிற சோப்பைத் தின்றது, மாட்டுக் கயிற்றைத் தின்றது, தின்றுகொண்டே அழுதது. சுகந்தி குடத்தை இறக்கி வைத்தாள். மண்டி போட்டு, நாய் நக்கிய கிட்டத்தில் தன் நாக்கு நுனியை வைத்தாள்.

வயிற்றுக்குள் ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது. அவளுக்கு அந்தப் பசியை அடையாளம் தெரிந்தது. அவளுடையது இல்லை, பழைய சோறும் மோர்மிளகாயும் கேட்கிற பெரியதனக்காரருடைய காலைப் பசி. பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் தெரியும். முப்பத்திரண்டு வீட்டுப் பசியும் எங்கேயும் போகவில்லை, தெருவில் பாவிக் கிடக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. கொடுத்தபோது எடுக்காமல் விட்ட பிடியும் ஞாபகம் வந்தது.

மந்தையில் கூட்டம் போட்டோம். அவள்தான் கேட்டாள். ஒரு கிட்டத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, "தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க" என்றாள். யாரும் தொடவில்லை.

"எடுத்த எடத்துலயே வச்சிரு தாயி," என்றார் சன்னாசி.

"அப்ப உங்களுக்கும் தெரியும்."

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். வெற்றிலைகூட இல்லை வாயில்.

"இதுல எங்க பிடிய நான் திரும்ப எடுத்துக்கறேன் பெரியப்பா. மொத நாள் கிட்டம் எங்க வீட்டு மாடத்துல இருக்கு. எம் பிள்ளைக்குப் பசி வேணும்."

"ஒன் வீட்டோட நிக்குமா அது? ஊருக்கே வந்துட்டா? அம்பது நாள் பசி ஒண்ணா வந்தா எந்தச் சட்டியில பொங்குறது?"

"பனி எறங்கட்டும்டி," என்றாள் பஞ்சவர்ணம். "மாசி பொறந்துட்டா அடுப்ப அணைச்சிரலாம், மெல்ல மெல்ல வரட்டும்."

"மாசி வரைக்கும் எங்கிட்டப் பால் இருக்காதுக்கா."

"புட்டிப்பால் குடு."

"பசிச்சாத்தான புட்டியும்."

"அழாத பிள்ளைக்கு நீ எதுக்கு அழறே?" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சிலபேர் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எங்களுக்கே பிடிக்கவில்லை, என்றாலும் சிரித்தோம்.

சுகந்தி புருஷனைப் பார்த்தாள். தவமணி கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஊரே இத நம்பிக் கெடக்குது சுகந்தி. இன்னும் பத்து நாள்தான," என்றான். அவள் எழுந்து போனாள்.

மறுநாள் உச்சிப்பொழுது. தவமணி வீடு வீடாகத் தொட்டி நிரப்பப் போயிருந்தான். தார்ப்பாய்க்கு அடியில் சோளம் தரையைத் தொட்டுவிட்டிருந்தது. சுகந்தி கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, மாடத்திலிருந்து முதல் கிட்டத்தை இறக்கினாள். மஞ்சளையும் குங்குமத்தையும் தண்ணீரில் கழுவினாள். அம்மியில் வைத்துக் குழவியால் ஓரத்தைத் தட்டினாள். கண்ணாடி உடைகிற சத்தத்தோடு ஒரு சில்லு பெயர்ந்தது. அதை நுணுக்கி, ஒரு பிடிக்கும் குறைவான அந்தக் கறுப்புப் பொடியை அன்றைக்கு நீட்டி மடக்கிய அதே கையில் அள்ளி, "வீட்டுக்கு இருக்கட்டும்" என்று சொன்னாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இடது மார்பில் அதை விரல்நுனியால் தொட்டுத் தடவி, பிள்ளையை எடுத்து வைத்தாள்.

ஆதிரை சிரித்தாள். முகத்தைத் திருப்பினாள். திருப்பிய முகம் நின்றது. கீழுதடு நடுங்கியது. பிறகு ஐம்பத்தோரு நாளைக்குப் பிறகு முதல்தடவையாக வாயைத் திறந்து அழுதாள், அழுத வாயோடே கவ்விக்கொண்டாள்.

அந்த அழுகை எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மந்தையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தின. கேட்டு முடிப்பதற்குள் முப்பத்திரண்டு வீட்டிலும் பெட்டிக்குள் தீ அணைந்தது. தொட்டியில் சோளம் இருந்தது, திருகு கம்பி சுற்றிக்கொண்டிருந்தது, விசிறி ஊதிக்கொண்டிருந்தது, தீ மட்டும் இல்லை. நடுச்சந்தில் மந்தையிலிருந்து குளம் வரைக்கும், வெயில் பட்ட பனி ஏடுபோல, கிட்டங்கள் ஒவ்வொன்றாகச் சடசடவென்று வெடித்தன.

அது காலையில் ஒருதரம் உச்சியில் ஒருதரம் வந்துபோகிற பசியாக வரவில்லை. பழைய சோற்றுப் பசி, கல்யாணப் பந்தியில் மடித்த இலையின் பசி, பிள்ளைகள் வாங்காத முட்டையின் பசி, எல்லாம் வந்த வரிசை தெரியாமல் மொத்தமாக வந்தது. சிலபேர் மூட்டையைக் கிழித்து அரிசியைப் பச்சையாக வாயில் கொட்டினார்கள், அது போதவில்லை. சிலபேர் உலை வைத்தார்கள். அரிசி வேக இருபது நிமிஷம் ஆகும், இருபது நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பஞ்சவர்ணம் விதைக்கிழங்கை மண்ணோடு கடித்துக்கொண்டு வந்தாள். சன்னாசி தாம்புக்கயிற்றின் நுனியை வாயிலிருந்து எடுக்காமல் வந்தார். தவமணியும் வந்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, கோபமும் இல்லை. ஊரில் ஒரே ஒரு இடத்தில் ஒரே ஒரு உயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, கால்கள் அந்தப் பக்கமாக நடந்தன.

உள்ளே வலது மார்பிலும் பால் இறங்கியிருந்தது. ஆதிரை ஒரு பக்கம் குடித்து மறுபக்கம் மாறி, விடாமல் குடித்துக்கொண்டிருந்தாள், தலையுச்சி வேர்த்திருந்தது, கைவிரல் ஐந்தும் தாயின் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தன. சுவர் குளிர ஆரம்பித்துவிட்டது. ஒருக்களித்த கதவின் இடைவெளியில் வெளிச்சம் போய் நிழல் விழுந்தது. சுகந்தி ஏறிட்டுப் பார்த்தாள். முதல் முகம் அவள் புருஷனுடையதுதான். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"மாமா," என்றாள்.

தவமணி எச்சிலை விழுங்கினான்.

அவள் உட்கார்ந்தபடியே காலை நீட்டி, கட்டைவிரலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. எழுந்தால்தான் எட்டும். எழுந்தால் பிள்ளையை மார்பிலிருந்து எடுக்க வேண்டும்.

அவள் எழவில்லை. பாதத்தைக் கதவில் ஊன்றி, கையால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டாள். வெளியே நாங்கள் நின்றோம், முப்பத்திரண்டு வீடும், காலடியில் நொறுங்கிய கிட்டத்தோடு. கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம் குழந்தை மடக்கு மடக்கென்று விழுங்குவது மட்டும் எங்கள் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.